சுண்ணக் குன்றின் ஒழுங்கைகள்

வெண்கட்டியை மறந்த பழைய மாணவர் எவரும் இரார். கரும்பலகையின் முன் நின்ற எம் ஆசிரியர்களின் விரல்களிற் படிந்திருந்த அவ்வெண்பொடி, அவர்தம் நெற்றியில் விளங்கிய திருநீற்றோடு ஒன்றாகவே எம் நினைவில் நிற்கின்றது. இக்காலத்து வெண்கட்டி பெரும்பாலும் ஜிப்சத்தினாற் செய்யப்படுவது. ஆயினும் ஆங்கிலர் அதற்கு இட்ட பெயர் உண்மையில் ஒரு பாறையின் பெயராகும். மென்மையும் வெண்மையும் உடைய ஒருவகைச் சுண்ணக்கல் அது. அக்கல்லாலாகிய குன்றுகள் இங்கிலாந்தின் தென்பாகத்தில் நெடுந்தூரம் தொடர்ந்து கிடக்கின்றன. அவற்றின் அடிவாரத்திலுள்ள ஒரு சிற்றூரைச் சுற்றி நாம் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நடந்து வருகின்றோம். விழா மலருக்கு ஏதேனும் எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் கேட்டபோது, அந்நடையைப் பற்றியே எழுதுவதெனத் துணிந்தோம். எமது கல்லூரிக்கும் அயல்நாட்டுக் குன்றுக்கும் என்ன உறவு என வினவுவோர் சிறிது பொறுத்தருள்க. உறவு நிலத்தின் கீழே உள்ளது.

அவ்வூரின் பெயர் செல்போர்ண். கையிற் கொண்டு திரியும் பேசியின் பெயரோ என்று இளைய மாணவர் நகைத்தல் கூடும். ஊரின் பெயர் அப்பேசிக்குப் பல நூற்றாண்டுகள் மூத்தது. இலண்டனுக்குத் தென்மேற்கே ஏறக்குறைய 50 மைல் தொலைவில், ஹம்ப்ஷயர் மாகாணத்தில் அது உள்ளது. வாட்டர்லூ நிலையத்திற் புகைவண்டி ஏறி, ஓல்ரன் என்னும் சிறுநகரில் இறங்கி, அங்கிருந்து தெற்கு நோக்கிச் சில மைல் சென்றால் ஊரை அடையலாம். ஒரு தெரு, ஒரு கோயில், சில வீடுகள், மேற்புறத்தே சுவர்போல எழும் ஒரு குன்று, இவ்வளவே அவ்வூர். பெரும்போர் எதுவும் அங்கு நிகழவில்லை. பேரரசர் எவரும் அங்குப் பிறக்கவில்லை. எனினும் அவ்வூரைத் தேடி உலகின் பல பாகங்களிலிருந்தும் மக்கள் வருகின்றனர். காரணம், அவ்வூரில் ஒருவர் நடந்தார். நடந்து கண்டதை எழுதிவைத்தார்.

அவர் கில்பேட் வைற் என்னும் பாதிரியார். 1720ஆம் ஆண்டு செல்போர்ணிற் பிறந்து, ஒக்ஸ்போட்டிற் கற்று, ஊருக்கு மீண்டு, 1793இல் அங்கேயே காலமானார். தம்மூரின் பறவை, விலங்கு, செடி, மழை, மண் ஆகியவற்றைப் பற்றி இரு நண்பர்களுக்கு அவர் எழுதிய கடிதங்களே, 1789ஆம் ஆண்டை முகப்பிற் கொண்டு வெளிவந்த ‘செல்போர்ணின் இயற்கை வரலாறு’ என்னும் நூலாயின. அன்று முதல் இன்று வரை அந்நூல் மீண்டும் மீண்டும் அச்சேறி வருகின்றது. அவர் கண்டவை பெரும்பாலும் சிறியவை. ஒன்றுபோலத் தோன்றும் மூன்று சிறு குருவிகளை, அவை பாடும் குரலின் வேறுபாட்டினால் மூன்று இனங்கள் எனப் பிரித்தறிந்தார். ஊரில் ஆண்டுதோறும் கூடுகட்டும் உழவாரக் குருவிகளை எண்ணி, எட்டு இணைகள் என எழுதினார். மண்புழு இல்லாவிடின் நிலம் இறுகி வளமிழக்கும் என்று 1777இல் எழுதினார். டார்வின் மண்புழுவைப் பற்றித் தனிநூல் வெளியிட்டது 1881இல். ஒரே ஊரில், ஒரே வழிகளில், ஆண்டுக்கணக்காக நடந்த ஒருவர் கண்ட உண்மைகள் இவை.

இனிக் குன்றைப் பற்றிச் சிறிது கூறுவோம். பல கோடி ஆண்டுகளுக்கு முன் அந்நிலம் முழுவதும் கடலாயிருந்தது. கண்ணுக்குப் புலனாகாத மிதவை உயிர்கள் இறந்தபின், அவற்றின் சுண்ணத் தகடுகள் அக்கடலடியிற் சேறுபோலப் படிந்து இறுகின. அதுவே இவ்வெண்கல். 1868இல் நோரிச் நகரத் தொழிலாளர் கூடிய அவையொன்றில் ஹக்ஸ்லி என்னும் அறிஞர் ஒரு துண்டு வெண்கட்டியைப் பொருளாகக் கொண்டு, உலகின் பழைமையையே விளக்கிப் பேசினார். எமது யாழ்ப்பாணக் குடாநாடும் அவ்வாறே கடலிற் பிறந்த சுண்ணக்கல்லின்மேற் கிடக்கின்றது. எம்முடையது மயோசீன் என்னும் பிற்காலத்தது; வன்மையும் மிக்கது. வயதினால் இளைய கல்லாயினும் இனத்தினால் உறவே. மேலே கூறிய உறவு இதுதான். இவ்வுறவை எமக்கு முதலிற் காட்டியவர் புவியியல் அறிஞர் அல்லர், எமது தந்தையார்.

நாம் 1974இல் மேற்படிப்பிற்காக இங்கிலாந்து சென்று, தொழில் பெற்று, ஹம்ப்ஷயரிலேயே குடியமர்ந்தோம். ஐயா ஊரை விட்டுப் பெயராதவர். வலிகாமம் வடக்கில் எமக்கிருந்த செம்மண் தோட்டத்தில் வெங்காயமும் புகையிலையும் பயிரிட்டவர். 1990ஆம் ஆண்டு ஆனி மாதத்திற் போர் மீண்டும் மூண்டபோது எம்மூர் முழுவதும் பெயர்ந்தது. அதன்பின் அந்நிலம் பாதுகாப்பு வலயமாகி அடைபட்டது. உறவினர் வீடுகளில் ஓராண்டு அலைந்தபின், 1991இன் இறுதியில் ஐயா எம்மிடம் வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 71. எமது தாயார் முன்னரே காலமாகியிருந்தார்.

வந்த சில மாதங்கள் அவர் யன்னலருகே அமர்ந்திருந்தார். உண்டார், உறங்கினார், பேசவில்லை. மருத்துவர் பார்த்து உடலிற் குறையொன்றும் இல்லை என்றனர். வாழ்நாள் முழுவதும் விடியுமுன் எழுந்து தோட்டத்திற்கு நடந்த கால்கள் நடக்க இடமின்றி இருந்தன. அதுவே நோய் என எமக்குத் தோன்றிற்று. பங்குனி மாதத்து ஞாயிற்றுக்கிழமையொன்றில், குளிர் சற்றுத் தணிந்த வேளையில், அவரைச் செல்போர்ணுக்கு அழைத்துச் சென்றோம். பல ஊர்களுள் அவ்வூரைத் தேர்ந்தமைக்குக் காரணம் அது வீட்டிற்கு அண்மையில் இருந்தது என்பதே.

ஊரின் மேற்புறத்துக் குன்று, தெருவிலிருந்து 300 அடி செங்குத்தாக எழுவது. அதன் சரிவு முழுவதும் பீச் மரங்கள் அடர்ந்த காடு. சரிவிலே தொங்குவது போன்ற காட்டிற்கு அந்நாட்டார் ‘ஹங்கர்’ எனப் பெயரிட்டு வழங்குவர். வைற் பாதிரியாரும் அவர் தம்பியும் 1753இல் அச்சரிவில் ஒரு வழி வெட்டுவித்தனர். நேரே ஏற இயலாமையின், அது வலமும் இடமுமாக மடங்கி மடங்கி மேலேறுகின்றது. மூச்சு வாங்குவோர்க்காகச் சாய்வு குறைந்த வேறொரு வழியும் 1780இல் வெட்டப்பட்டது. இரு வழிகளிலும் இன்றும் நடக்கலாம். ஐயா மடங்கும் வழியையே விரும்பினார். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, கீழே சிறுத்துக்கொண்டு போகும் ஊரைப் பார்ப்பார்.

மேலே ஏறியதும் அகன்ற பொதுநிலமும் மரக்கூட்டமும் உள்ளன. அங்கு வேரோடு சாய்ந்து கிடந்த ஒரு மரத்தின் அடியில் ஐயா குனிந்து, ஒரு பிடி மண்ணை எடுத்து விரல்களுக்கிடையே நசுக்கினார். வெண்கல்லின்மேற் சிக்கிமுக்கிக் கற்கள் கலந்து படிந்திருக்கும் சிவந்த களிமண் அது.

“தம்பி, இஞ்சையும் கல்லுக்கு மேலை செம்மண்தான்” என்றார்.

பல மாதங்களின் பின் அவர் தாமாகவே பேசிய முதல் வார்த்தை அதுவே. அன்று தொடங்கி, மழையும் பனியும் தடுத்தாலன்றி, ஞாயிறுதோறும் ஐயாவும் நாமும் செல்போர்ணைச் சுற்றி நடந்தோம்.

அவர் அங்கு முதலில் விசாரித்தது கிணற்றைப் பற்றி. “இவங்கடை கிணறு எத்தினை பாகம்?” என்று கேட்டார். வீடு திரும்பி வைற் பாதிரியாரின் நூலைப் புரட்டினோம். விடை முதற் கடிதத்திலேயே இருந்தது. ஊர்க் கிணறுகள் சராசரி 63 அடி ஆழம்; அவ்வளவு தோண்டினால் நீர் வற்றுவது அரிது; நீர் தெளிவானது; ஆயினும் சவர்க்காரம் அதில் நன்கு நுரைக்காது என்று எழுதியிருந்தார். அதைத் தமிழிற் சொன்னபோது ஐயா வாய்விட்டுச் சிரித்தார். “சவுக்காரம் நுரைக்காதெண்டால், அந்த மனுசன் எங்கடை ஊர் ஆள்தான்” என்றார்.

சுண்ணக்கல் நாட்டின் நீர் வழக்கம் இதுவே. மழைநீர் நிலத்தின்மேல் ஓடாது. கல்லினூடே வடிந்து கீழே தங்கும். வடியும்போது சுண்ணத்தைக் கரைத்துக்கொள்வதனால் நீர் வன்மை பெறும். கேத்தலின் அடியில் வெண்படலமாகப் படியும். ஆதலின் அந்நிலங்களில் ஆறு அரிது, கிணறே உயிர். மாரியில் நிலத்தடி நீர் உயரும்போது மாத்திரம் சில ஓடைகள் பிறந்து ஓடி, கோடையில் மறைந்துவிடும். எமது வழுக்கையாறு மழைக்காலத்தில் ஓடி அராலியருகே கடலேரியிற் கலந்து, கோடையில் வெறுந்தரையாகக் கிடப்பதை அறிந்தோர்க்கு அவ்வோடைகள் புதியன அல்ல. கீரிமலையில் உப்புக் கடலின் ஓரத்தே நன்னீர் ஊறுவதும் இக்கல்லின் வேலையே. கல் வடிய விடுவதால் நன்மையும் தீமையும் ஒருங்கே இறங்கும். தோட்டத்தில் இடும் செயற்கை உரத்தின் நைத்திரேற்று இரு நாட்டுக் கிணறுகளிலும் கலந்துள்ளமையை ஆய்வாளர் கண்டுள்ளனர். குடிநீரில் அது இலீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. நிலத்தின்மேல் நாம் செய்வதை நிலத்தின் கீழ் நம் பிள்ளைகள் பருகுவர் என்பதைச் சுண்ணக்கல் நாட்டார் மறத்தல் ஆகாது.

செல்போர்ணுக்குத் தெற்கே நோர் என்னும் வெண்கற் குன்று ஒன்று உண்டு. அக்குன்றிலிருந்து இரு நீரோட்டங்கள் புறப்படுவதை வைற் பாதிரியார் குறித்துள்ளார். தெற்கே செல்வது அருண் ஆற்றோடு சேர்ந்து ஆங்கிலக் கால்வாயிற் கலக்கும். வடக்கே செல்வது வே என்னும் ஆற்றில் விழுந்து, அதனொடு தேம்ஸ் நதியை அடைந்து, வடகடலிற் கலக்கும். ஒரே குன்றிற் பெய்த ஒரே மழை இரு கடலைச் சேர்கின்றது. அக்குன்றில் அமர்ந்து இதனை ஐயாவுக்கு விளக்கினோம். எமது தமையனார் கனடாவிலும் தங்கை அவுஸ்திரேலியாவிலும் வாழ்ந்த காலம் அது. ஐயா நெடுநேரம் இரு புறமும் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர், “ஒரு வயித்துப் பிள்ளையள் போலை” என்று மாத்திரம் சொன்னார்.

அந்நோர் குன்றின் உச்சி மேடும் பள்ளமுமாய் உள்ளது. இடைக்காலத்தோர் வெண்கல் அகழ்ந்த குழிகள் அவை. இப்பொழுது அக்குழிகள் புல் மூடி, இயற்கைக் காப்பிடமாக விளங்குகின்றன. வளமற்ற வெண்கல் நிலத்திலே ஓங்கி வளரும் செடிகள் மற்றவற்றை நெருக்கமாட்டா. ஆதலாற் சிறுசெடிகள் பலவும் கூடி வாழும். நல்ல புற்றரையில் ஒரு சதுரமீற்றர் இடத்துள் 40 வகைச் செடிகள் வரை காணலாம் என்பர். சிறு ஓர்க்கிட் மலர்களும், ‘டியூக் ஒவ் பேகண்டி’ எனப் பெயர்பெற்ற அரிய வண்ணத்துப்பூச்சியும் அங்கு உண்டு. ஆனால் இப்புற்றரை தானே நிலைப்பதன்று. ஆடு மேயாவிடின் சில ஆண்டுகளில் முட்செடி புகும், பின்னர் புதர், பின்னர் காடு. புற்றரையைக் காப்பது ஆட்டின் வாய்.

புற்றரையை ஆட்டின் வாய் காப்பதுபோல வழியைக் காப்பது மனிதரின் கால். இதனைச் செல்போர்ணின் பழைய ஒழுங்கைகளிற் கண்டோம். வடக்கே ஓல்ரனுக்கும் கிழக்கே காட்டிற்கும் சென்ற இரு வழிகள், நூற்றாண்டுக்கணக்கான நடையினாலும் வண்டியினாலும் மழைநீரினாலும் தேய்ந்து, பல இடங்களில் அயல் வயல்களைவிட 16 அல்லது 18 அடி தாழ்ந்துவிட்டன என வைற் பாதிரியார் எழுதியுள்ளார். அத்தகைய தாழ்ந்த ஒழுங்கையினுள் நடப்பது ஓர் அனுபவம். இரு மருங்கும் கற்சுவர்; சுவரிலே பின்னிக் கிடக்கும் மரவேர்கள்; தலைக்குமேல் இலைக்கூரை; நடுப்பகலிலும் மங்கிய ஒளி. உளி கொண்டு எவரும் வெட்டவில்லை. அடிமேல் அடியாக ஊரார் நடந்து நடந்து தாழ்ந்த வழி அது. அங்குள்ள கல் சுவரைத் தடவிக்கொண்டே ஐயா நடப்பார். எம்மூர் ஒழுங்கைகளிற் பனைமட்டை வேலியைத் தடவிக்கொண்டு நடப்பதும் அவர் வழக்கமே.

அந்நாட்டிலே தனியார் வயலினூடே செல்லும் பொதுவழிகள் பல்லாயிரம். வயலின் எல்லையில் எம்மூர்க் கடப்பைப் போன்ற ஏறுபலகையோ சிறு படலையோ இருக்கும். அருகே ஒரு கம்பத்தில் மஞ்சள் அம்பு திசை காட்டும். 1949இல் இயற்றப்பட்ட சட்டம், அத்தகைய வழிகளையெல்லாம் வரைபடத்திற் பதிவு செய்யுமாறு விதித்தது. 1980ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டத்தின்படி, பொதுமக்கள் ஒரு வழியிலே தடையின்றி, மறைவின்றி, அனுமதி கேளாது 20 ஆண்டுகள் நடந்துவந்தால், நிலத்துக்குரியவர் மாறான எண்ணத்தைக் காட்டியிருந்தாலன்றி, அது பொதுவழியாகக் கொள்ளப்படும். ஒருமுறை பொதுவழியானது என்றும் பொதுவழியே. எவரும் நடவாமையினாலே அவ்வுரிமை அழியாது என்பதும் அந்நாட்டுச் சட்டமரபு.

இக்கடைசி விதியைச் சொன்னபோது ஐயா நடையை நிறுத்தினார். “திருப்பிச் சொல்லு” என்றார். மீண்டும் சொன்னோம். எம்மூர் ஒழுங்கைகளில் எவரும் நடவாது அப்பொழுது ஏழாண்டுகள் கழிந்திருந்தன. எம் நாட்டுச் சட்டம் அவ்வாறு கூறுமோ என அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சட்டத்தினால் ஆறும் துயரன்று அது.

செல்போர்ணில் இரு மரங்களின் கதை உண்டு. ஊர் நடுவே ‘பிளெஸ்ரர்’ எனப்படும் சிறு வெளியொன்று இருக்கின்றது. எமது ஆலடி போன்றது. அங்கு நின்ற பெரிய ஓக் மரத்தைச் சூழக் கற்படிகளும் இருக்கைகளும் இருந்தன. மாலையில் முதியோர் அமர்ந்து பேச, இளையோர் முன்னே ஆடுவர். 1703ஆம் ஆண்டுப் பெரும்புயலில் அது வீழ்ந்தது. அக்காலத்துப் பாதிரியார் பொருள் செலவிட்டு அதை நிமிர்த்தி மீண்டும் நட்டார். சிறிது காலம் தளிர்த்து, பின் பட்டுப்போயிற்று. இது வைற் பாதிரியார் எழுதிவைத்த செய்தி.

மற்றைய மரம் கோயில் முற்றத்து யூ மரம். வைற் பாதிரியார் அளந்தபோது அதன் அடியின் சுற்றளவு 23 அடி. 1990ஆம் ஆண்டு தை மாதம் 25ஆம் நாள் அடித்த புயலில் அதுவும் சாய்ந்தது. ஊரார் கிளைகளைத் தறித்து, அடிமரத்தைத் தூக்கி நிறுத்தி, வேரை மண்ணிற் புதைத்தனர். அதுவும் பிழைக்கவில்லை. ஆனால் அதன் கொப்பொன்றிலிருந்து வளர்த்த கன்றை அதே முற்றத்தில் நட்டனர், அது வேரூன்றிற்று. எம்மூர் பெயர்ந்ததும் அதே 1990ஆம் ஆண்டு. பட்டுப்போன அடிமரத்தையும் அருகே நின்ற இளங்கன்றையும் ஐயா மாறி மாறிப் பார்த்தார். ஐம்பதாண்டு தோட்டஞ் செய்தவர் அல்லரோ? “முத்தின மரம் பிடியாது தம்பி. கொப்பு பிடிக்கும்” என்றார். எம் மக்கள் இருவரும் அப்பொழுது கல்லறைகளுக்கிடையே ஓடி, ஆங்கிலத்திற் கூவி விளையாடிக்கொண்டிருந்தனர்.

அம்முற்றத்தின் வடபுறத்தே வைற் பாதிரியாரின் கல்லறை உள்ளது. பெயரின் முதலெழுத்துகள் இரண்டும், இறந்த நாளும் பொறித்த சிறு கல்; வேறொன்றும் இல்லை. உலகறிந்த ஒருவருக்கு இத்துணைச் சிறிய கல்லா என ஐயா வியந்தார். பின்னர், ஊரையே எழுதிவைத்தவருக்குத் தனியாகக் கல் எதற்கு என்று தாமே விடையும் சொல்லிக்கொண்டார்.

அந்த மாரிக்காலத்தில், நடக்க இயலாத இருண்ட மாலைகளில், எம் மகளிடம் ஒரு கொப்பி கேட்டு வாங்கினார். எம்மூரின் ஒழுங்கைகளை ஒவ்வொன்றாக நினைந்து அதில் எழுதத் தொடங்கினார். எந்த ஒழுங்கை எங்கே தொடங்கி எங்கே முடியும். எந்த முடக்கில் எந்தக் கடப்பு. எந்தக் கிணறு எத்தனை பாகம், துலாக் கிணறா, கப்பிக் கிணறா, எந்தக் கோடையில் வற்றியது. ஒவ்வொரு காணிக்கும் உறுதியில் உள்ள பெயர் யாது, எத்தனை பரப்பு. எந்தப் புளியிலே கிளிகள் அடையும். மாரியில் தகைவிலான் குருவிகள் எந்தக் கம்பியில் வரிசையாக அமரும். செல்போர்ணில் நடந்த ஞாயிறுகளில் மறந்த ஒன்று நினைவுக்கு வரும். நடுவழியிலே நின்று, “வைரவர் கோயிலடிக் கிணத்தை விட்டிட்டன்” என்பார். வீடு திரும்பியதும் எழுதுவார். இவ்வாறு இரண்டு கொப்பிகள் நிரம்பின. 41 கிணறுகள் அவற்றில் உள்ளன.

ஐயா 2004இற் காலமானார். அடைபட்ட ஊர் திறக்கக் கண்டிலர். போர் 2009இல் முடிந்தபின், வலிகாமம் வடக்கின் நிலங்கள் பகுதி பகுதியாகப் பல ஆண்டுகளில் விடுவிக்கப்பட்டன. எம்மூரின் ஒரு பகுதி திறந்த செய்தி கேட்டு 2017இல் நாம் சென்றோம். நோர் குன்றில் நாம் கற்ற பாடம் அங்கு கண்முன்னே நின்றது. கால் படாத நிலத்தை முள் கொண்டுவிட்டது. ஒழுங்கை எது, வளவு எது என வேறுபாடு தெரியவில்லை. மதில்கள் இல்லை. மரங்கள் வீடுகளுக்குள் நின்றன. எம்மோடு வந்த இளைஞர் எவரும் அவ்வூரிற் பிறந்தவரல்லர். பெற்றோர் சொல்லக் கேட்டதன்றி, ஊர் அவர்கட்குப் பெயர் மாத்திரமே.

கொப்பியைத் திறந்தோம். பெருந்தெருவிலிருந்து எத்தனையாம் கவட்டில் எந்தக் கிணறு என ஐயா எழுதியிருந்தபடி, இளைஞர் கத்தி கொண்டு முள்ளை வெட்டிச் சென்றனர். முதற் கிணற்றைக் காணவில்லை, தூர்ந்திருத்தல் வேண்டும். இரண்டாவது கிணற்றின் கட்டு, எழுதிய இடத்திலேயே, ஈச்சம் பற்றையினுள் இருந்தது. அதிலிருந்து வலப்புறம் திரும்பி அளந்தபோது மூன்றாவதும் கிடைத்தது. இரண்டு கிணறுகள் கிடைத்தபின் அவற்றிடையே சென்ற ஒழுங்கை கிடைத்தது. ஒழுங்கை கிடைத்தபின் அதன் இரு மருங்கிலும் இருந்த வளவுகளை முதியோர் தாமே இனங்கண்டனர். எழுபது வயதுடைய அம்மையார் ஒருவர், காணியின் பெயரை வாசிக்கக் கேட்டதும், அங்கேயே நிலத்தில் அமர்ந்துவிட்டார். மாலைக்குள் ஏறக்குறைய கால் மைல் ஒழுங்கை வெளிப்பட்டது. அன்று அதிலே நடந்தோர் பன்னிருவர். அதன்பின் அது மூடவில்லை.

கொப்பிகளின் படிகளை இப்பொழுது ஊரார் பலர் வைத்துள்ளனர். அவற்றில் இலக்கிய நயம் இல்லை. கல்வியிலே ஐயா ஐந்தாம் வகுப்பைத் தாண்டியவரல்லர். எனினும் தாம் நடந்த ஊரை உள்ளபடி எழுதினார். செல்போர்ணின் பாதிரியார் செய்ததும் அதுவே. அவர் எட்டு இணை உழவாரக் குருவிகள் என எழுதிவைத்தமையினாலேயே இரு நூற்றாண்டுகளின் பின் வந்தோர் தம் காலத்துக் குருவிகளை அவற்றோடு ஒப்பிட முடிந்தது. பிரித்தானியாவில் அக்குருவியினம் குறைந்து, 2021இல் ஆபத்துற்ற பறவைகளின் செம்பட்டியலிற் சேர்க்கப்பட்டது. முன்னிருந்ததை எழுதிவைத்தவர் இல்லையேல், இழந்தது இவ்வளவு என்று கூறவும் ஒருவர் இரார்.

ஆதலின் இம்மலரை வாசிக்கும் இளைய மாணவர்க்கு, மூத்தவர் என்னும் உரிமையால், ஒன்று கூறி அமைவோம். நடப்பதற்குக் குன்றுகள் வேண்டா; அயல்நாடு வேண்டா. உங்கள் வீட்டுப் படலையிலிருந்து தொடங்கும் ஒழுங்கையே போதும். தையில் ஒருமுறை, சித்திரையில் ஒருமுறை, ஆடியில் ஒருமுறை, ஐப்பசியில் ஒருமுறை அதே வழியில் நடவுங்கள். கிணற்றின் நீர் எத்தனை படி இறங்கியது, எந்தப் பறவை என்று வந்தது, எந்தக் காணிக்கு என்ன பெயர் என்பவற்றைத் திகதியிட்டு எழுதுங்கள். உங்கள் பாட்டனார் உயிரோடிருப்பின் அவரையும் அழைத்துச் செல்லுங்கள். அவர் நின்று பார்க்கும் இடங்களில் நீங்களும் நில்லுங்கள். பழைய மாணவர்க்கும் இவ்விண்ணப்பம் பொருந்தும். எந்நாட்டில் வாழினும் தாம் நடந்த ஒழுங்கைகளை ஒரு கொப்பியில் எழுதி, கல்லூரி நூலகத்திற்கு அனுப்புவாராயின், இந்நன்னாளிற் கல்லூரி அன்னைக்கு அதனினும் சிறந்த காணிக்கை வேறில்லை. பின்னொரு நாள் யாரேனும் அதைக் கையிற் கொண்டு, முள்ளை வெட்டி, வழி காண்பர்.